அமாவாசைதோறும் நின்ற சர்வர்

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் இருக்கும் ஓர் அரிசி ஆலையின் அலுவலகத்தில், ஏழு கணினிகளுக்குப் பொதுவாக ஒரு சிறிய சர்வர் ஓடுகிறது. டேலி கணக்கு, எடைமேடைச் சீட்டு, நெல் கொள்முதல் பதிவு ஆகிய மூன்றும் அதில்தான் இருக்கின்றன. பெரிய இயந்திரம் என்று சொல்ல முடியாது. ரைசன் 3 2200ஜி பிராசஸர், 16 ஜிபி ராம், ஒன்றுக்கு ஒன்று நகலாக ஓடும் இரண்டு ஹார்டு டிஸ்க், அதன்மேல் இயங்குதளமாக டெபியன் லினக்ஸ், கோப்புகளைப் பகிர சாம்பா. அதை அமைத்தவனும் பராமரிப்பவனும் நானே. 2023 தீபாவளி விடுமுறை முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பிய காலையில் அது முதன்முறையாக ஹேங் ஆகி நின்றிருந்தது. அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அடுத்த ஆண்டு மே மாதம் வரை ஆயிற்று. இதே வகைத் தொல்லையோடு போராடுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே பதிவு செய்கிறேன்.

நிற்கும் விதம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், நெட்வொர்க் கேபிள் செருகிய இடத்தில் பச்சை விளக்கு எரியும், ஆனால் மானிட்டர் இருண்டிருக்கும், வேறொரு கணினியிலிருந்து ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங் கொடுத்தால் பதில் வராது, விசைப்பலகையில் ‘நம் லாக்’ (Num Lock) பொத்தானை அழுத்தினால் அதன் விளக்கு அசையாது. பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து அணைத்து மீண்டும் போட்டால், எதுவுமே நடவாததுபோல எழுந்து ஓடும். சில வாரம் ஒழுங்காக இருக்கும். பிறகு மறுபடியும் நிற்கும்.

முதலில், இயந்திரம் தன் நடப்புகளை எழுதிவைக்கும் ஜர்னலைப் புரட்டினேன். நின்ற ஒவ்வொரு முறையும் கடைசி வரி சாதாரணமான ஒன்றாகவே இருந்தது, பெரும்பாலும் குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் க்ரானில் மணிக்கு ஒருமுறை ஓடும் வேலையின் வரி. டெபியனில் அந்த வேலை ஒவ்வொரு மணியிலும் 17-ஆம் நிமிடத்தில் ஓடும்படி வைக்கப்பட்டிருக்கிறது. எனவே கடைசி வரி 2.17 என்று இருந்தால், இயந்திரம் 2.17-க்கும் 3.17-க்கும் இடையில் எப்போதோ நின்றது என்று மட்டும் தெரியும். பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. அடுத்த முறை இதைவிட நெருக்கமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, நிமிடத்துக்கு ஒருமுறை நேரம், பிராசஸர் வெப்பம், வேலைப்பளு மூன்றையும் ஒரு கோப்பில் எழுதி உடனே டிஸ்க்கில் பதியவைக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றைப் போட்டேன். அன்றைக்கு அதைச் சடங்காகத்தான் செய்தேன். பின்னால் வழக்கை முடித்துவைத்த சாட்சிகளில் அதுவும் ஒன்று.

டிஸ்க்கின் மீது எனக்குச் சந்தேகம் அதிகம் இல்லை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் ஹேங் என்றதும் பலரும் முதலில் டிஸ்க்கை மாற்றிவிடுகிறார்கள். டிஸ்க் ஒரு பகுதியைப் படிக்க முடியாமல் திணறும்போது, அதை நம்பியிருக்கும் நிரல்கள் நிற்கும், பகிர்ந்த கோப்புறை திறக்காது, டேலி வெள்ளைத் திரையோடு காத்திருக்கும். ஆனால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் உயிரோடுதான் இருக்கும். பிங்குக்குப் பதில் வரும், நம் லாக் விளக்கு எரிந்து அணையும், இரண்டு நிமிடம் கழித்து 120 நொடிகளுக்கு மேலாக ஒரு பணி முடங்கிக் கிடக்கிறது என்ற எச்சரிக்கை திரையில் வரும். இங்கே அவற்றில் ஒன்றுமே இல்லை. ஆயினும் டிஸ்க்கின் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் நிரல் கொண்டு இரண்டு டிஸ்க்குகளையும் பார்த்தேன். மாற்றியமைத்த செக்டர்களைக் காட்டும் 5-ஆம் எண், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களைக் காட்டும் 197-ஆம் எண், கேபிள் கோளாறைக் காட்டும் 199-ஆம் எண் ஆகிய மூன்றும் சுழியம். டிஸ்க்கை அத்தோடு விட்டேன்.

கெர்னல் சாகும் முன் ஏதாவது முனகுகிறதா என்று கேட்க நெட்கன்சோல் அமைத்தேன். டிஸ்க்கில் எழுத முடியாத நிலையிலும் கெர்னல் தன் கடைசிச் செய்திகளை நெட்வொர்க் வழியே வேறொரு கணினிக்கு அனுப்பிவிடும் வசதி அது. கையில் இருந்த ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியைப் பக்கத்து அலமாரியில் வைத்து அதைப் பெறச் செய்தேன். நிரல்கள் உறைந்தாலும் கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்க உதவும் சிஸ்ஆர்க்யூ விசையையும் முழுமையாக இயக்கிவைத்து, அடுத்த முறை நின்றால் ஆல்ட் விசையோடு சேர்த்து எந்தெந்த விசையை அழுத்த வேண்டும் என்று தாளில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டினேன். அடுத்த முறை நின்றது. ராஸ்பெர்ரி பைக்கு ஒரு வரிகூட வரவில்லை, விசைகளுக்கும் அசைவில்லை. மென்பொருள் தவறியிருந்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு தடயம் மிஞ்சும். இப்படி ஒரு வார்த்தையும் இல்லாமல் நின்றால் வன்பொருளை, அதிலும் மின்சாரத்தையோ ராமையோ பிராசஸரையோ பார்ப்பதே சரி என்று முடிவெடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓடவிட்டு ஞாயிறு காலை வந்து பார்த்தேன். ஏறக்குறைய 14 மணி நேரம் ஓடியிருந்தது; பிழை ஒன்றுகூட இல்லை. ராம் நல்லது என்று குறித்துக்கொண்டேனே தவிர, அந்தச் சோதனை இன்னொன்றையும் சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை. வழக்கமாக நிற்கும் ஞாயிறு அதிகாலையில், அந்த ஒரு முறை மட்டும், இயந்திரம் விடிய விடிய முழு வேகத்தில் உழைத்து நிற்காமல் இருந்தது.

அடுத்து மின்சாரம். அரிசி ஆலையில் மின்சாரத்தைச் சந்தேகிக்காமல் இருக்க முடியாது. பெரிய மோட்டார் ஒன்று கிளம்பும்போது அலுவலகத்து டியூப் லைட் மங்கி எழுவதைக் கண்ணால் பார்க்கலாம். யூபிஎஸ்ஸுக்கு வரும் மின்னழுத்தத்தை ஒரு நாள் முழுக்கக் குறித்தேன். 196 வோல்ட் முதல் 238 வோல்ட் வரை ஆடியது. யூபிஎஸ்ஸிலிருந்து வெளியே போவது ஒழுங்காகவே இருந்தது. ஆனால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் 9 வோல்ட் காட்டியது. எர்த் குழியைத் திறந்து பார்த்தால், குழாயோடு கம்பியைப் பிணைக்கும் கிளாம்ப் துருவேறி, தொட்டாலே உதிரும் நிலையில் இருந்தது. புதிய கிளாம்ப் போட்டு, கரியும் உப்பும் இட்டு, தண்ணீர் ஊற்றிய பிறகு அது 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. செய்ய வேண்டிய வேலைதான் அது. மனிதர்களின் பாதுகாப்புக்கு அது கட்டாயம். ஆனால் சர்வர் அதற்குப் பின்னும் நின்றது.

சித்திரை நெருங்க நெருங்க நிற்பது அதிகமாயிற்று. மாசி முழுக்க ஒன்றிரண்டு முறை நின்ற இயந்திரம் பங்குனிக் கடைசியில் வாரத்துக்கு இரண்டு முறை நின்றது. வெயிலால்தான் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கேபினெட்டைத் திறந்து சுத்தம் செய்தேன். அரிசி ஆலையின் தூசி மற்ற இடத்துத் தூசி போன்றதல்ல. தவிட்டில் எண்ணெய் இருப்பதால், ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே அது பழுப்பு நிறத்தில் மெழுகுபோலப் படிந்திருந்தது. ஊதினால் போகவில்லை, தூரிகையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. சுத்தம் செய்ததில் பிராசஸரின் வெப்பம் 11 டிகிரி குறைந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் நின்றது. அப்போதுதான் நிமிடந்தோறும் எழுதிவந்த கோப்பை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். நின்ற நிமிடத்தில் வெப்பம் 41 டிகிரி. அந்த அறையில், அந்த மாதத்தில், அது மிகக் குறைந்த அளவு. வெப்பம் காரணமாக இருக்கவே முடியாது.

ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கும் கணக்குப்பிள்ளை ஒருவர் இருக்கிறார். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், நான் மீண்டும் கேபினெட்டுக்கு முன்னால் குந்தியிருந்தபோது, அவர் தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கிளிப்பில் செருகிய தினசரி காலண்டர் தாள்களை எடுத்து என்னிடம் நீட்டினார். “தம்பி, இது அமாவாசைக்கு அமாவாசை தவறாம நிக்குது, பாத்தீங்களா?” என்றார். சர்வர் நின்ற நாளின் தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் நின்ற நேரத்தையும் யார் முதலில் பார்த்தார்கள் என்பதையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். ஜனவரி முதல் மொத்தம் 14 தாள்கள். அவற்றில் பிப்ரவரி 9 தை அமாவாசை. மார்ச் 10 மாசி அமாவாசை. ஏப்ரல் 8 பங்குனி அமாவாசை. மூன்று மாதத்து மூன்று அமாவாசையும் அந்தக் கிளிப்பில் இருந்தன.

“இதை ஏன் ஐயா முன்னமே சொல்லலை?” என்று கேட்டேன். “மெஷினுக்கும் அமாவாசைக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க நெனைப்பீங்களோன்னு விட்டுட்டேன்” என்றார். நான் அப்படி நினைக்கவில்லை, நினைக்கவும் கூடாது. ஒருவர் நாலு மாதம் பொறுமையாகக் குறித்துவைத்த தேதிகள் பொய் சொல்லாது. தாள்களை மேசையில் பரப்பி, கிழமைவாரியாகப் பிரித்தேன். மூன்று அமாவாசை போக, ஏழு தாள்கள் ஞாயிற்றுக்கிழமை. மிச்சமிருந்த நான்கும் வேலை நாட்கள். ஆனால் ஒன்று மதியம் இரண்டு மணி வாக்கில், மற்ற மூன்றும் நள்ளிரவு தாண்டி விடிவதற்குள்.

ஆலைக்கு ஞாயிறும் அமாவாசையும் விடுமுறை. மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை சாப்பாட்டு நேரம். இரவு பத்து மணிக்கு பேக்கப் ஓடி முடிந்தபின் விடியும்வரை சர்வருக்கு வேலை இல்லை. தாள்கள் அனைத்தும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின: இந்த இயந்திரம் வேலை செய்யும்போது ஒரு முறையும் நிற்கவில்லை, சும்மா இருக்கும்போது மட்டுமே நின்றிருக்கிறது. என் கோப்பிலும் நின்ற நிமிடங்களுக்கு எதிரே வேலைப்பளு 0.00 என்றே இருந்தது. வெப்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்த அந்த எண்ணை இத்தனை நாளும் தாண்டிப்போயிருக்கிறேன். சித்திரை நெருங்க அதிகமானதற்கும் அதுவே விடை. சம்பா அறுவடை நெல் வரும் தை, மாசியில் ஆலை இரவும் ஓடும், எடைமேடையில் லாரி நிற்காத நேரமில்லை, சர்வருக்கும் ஓய்வில்லை. பங்குனியில் வரத்துக் குறைந்ததும் அதற்கு ஓய்வு கிடைத்தது. ஓய்வு கிடைத்ததும் நின்றது.

ஊகத்தை உறுதி செய்யாமல் எதையும் மாற்றக் கூடாது என்று தீர்மானித்தேன். வந்த ஞாயிறுகளை இரண்டாகப் பிரித்தேன். ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு, ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. அன்று எதையும் தொடாமல் இயந்திரத்தைச் சும்மா விட்டேன். பிற்பகல் 2.41-க்குக் கோப்பு நின்றுவிட்டது. ஏப்ரல் 19 வாக்குப்பதிவு விடுமுறை. அன்றும் சும்மா விட்டேன், அன்றும் நின்றது. ஏப்ரல் 21 அன்று, ஒரே எழுத்தை ஓயாமல் எழுதி எங்கும் சேர்க்காமல் கொட்டிக்கொண்டே இருக்கும் ‘யெஸ்’ கட்டளையை மிகக் குறைந்த முன்னுரிமையில் ஓடவிட்டு, பிராசஸரின் உட்பிரிவுகளான நான்கு கோர்களில் ஒன்று எப்போதும் விழித்திருக்கும்படி செய்தேன். நிற்கவில்லை. 28 அன்று அதை நிறுத்தினேன், அதிகாலையிலேயே நின்றது. மே 5 அன்று மறுபடியும் ஓடவிட்டேன், நிற்கவில்லை. முதலாளிக்கு ஞாயிறுதோறும் நான் எதையும் சரிசெய்யாமல் சோதித்துக்கொண்டிருப்பது பொறுக்கவில்லைதான். ஆனாலும் இந்த ஐந்து நாட்களும் எனக்குக் கொடுத்த உறுதியை, புதிதாக வாங்கி மாட்டும் எந்தப் பாகமும் கொடுத்திருக்காது.

இனி காரணத்துக்கு வருகிறேன். இக்காலத்துப் பிராசஸர் வேலை இல்லாதபோது வெறுமனே மெதுவாக ஓடுவதில்லை. கோர்களை ஒவ்வொன்றாக உறங்கவைக்கிறது. அந்த உறக்கத்தின் ஆழமான நிலைகளில் ஒன்று சி6. அந்த நிலையில் கோர் தன் நிலவரத்தைச் சேமித்துவைத்துவிட்டுத் தனக்கு வரும் மின்சாரத்தையே ஏறக்குறைய துண்டித்துக்கொள்கிறது. எல்லாக் கோர்களும் ஒருசேர உறங்கினால், கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் வழியில் இழுக்கப்படும் மின்னோட்டம் மிகவும் சிறுத்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸும் அவ்வளவு சிறிய பளுவில் நிலையாக இருக்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் பழைய வடிவமைப்புகள் பலவற்றில் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒரே கட்டுப்பாட்டில் பிணைந்திருக்கும். 12 வோல்ட்டில் குறைந்தபட்சம் இவ்வளவு பளு இருந்தால்தான் இரண்டும் சரியாக நிற்கும். இது ஒரு நிறுவனத்தின் பிராசஸருக்கு மட்டும் உரிய விஷயமும் அல்ல. 2013-இல் இன்டெல்லின் ஹாஸ்வெல் வந்தபோதும், அதன் ஆழ்ந்த உறக்க நிலைகளில் 12 வோல்ட் மின்னோட்டம் 0.05 ஆம்பியர் வரை இறங்கும் என்பதால், எந்த எஸ்எம்பிஎஸ் அதற்குப் பொருந்தும் என்ற கேள்வி எழுந்தது.

இந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு ஒரு நாள் நினைவுக்கு வந்தது. 2023 அக்டோபர் 19, ஐப்பசி தொடக்கம். மாலை இடிமழையில் சர்வரின் எஸ்எம்பிஎஸ் எரிந்துவிட்டது. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்தர ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாள். கணக்கு முழுவதும் அதற்குள்ளே இருந்தது. கடைகள் அடைத்த நேரம். என்னிடம் இருந்த பழைய கணினி ஒன்றிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி மாட்டினேன், ஓடியது, தாக்கலும் முடிந்தது. ஓரிரு நாளில் புதியது மாற்றலாம் என்று சொல்லிவிட்டு வந்தவன் அதை மறந்தே போனேன். தவறு என்னுடையது என்று, இது நினைவுக்கு வந்த அன்றே, முதலாளியிடமும் கணக்குப்பிள்ளையிடமும் சொன்னேன். இந்த வேலைக்கும் புதிய எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பணம் வாங்கவில்லை.

உடனே எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியிருக்கலாம். ஆனால் இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். ஆகவே மே 6 அன்று பழையதை அப்படியே வைத்துக்கொண்டு மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸை மட்டும் பார்த்தேன். இவ்வகை மதர்போர்டுகளின் பயாஸில் ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது; மேம்பட்ட அமைப்புகளுக்குள் ‘ஏஎம்டி சிபிஎஸ்’ என்ற பகுதியில் தேட வேண்டும். இந்த போர்டின் பழைய பயாஸில் அது இல்லை; புதிய பயாஸ் ஏற்றிய பிறகே தெரிந்தது. பயாஸ் ஏற்றும்போது மின்சாரம் போனால் போர்டே போய்விடும் என்பதால், ஆலை மோட்டார்கள் நின்றபின், யூபிஎஸ் முழுச் சார்ஜில் இருப்பதை உறுதி செய்துகொண்டு ஏற்றினேன். ‘ஆட்டோ’ என்று இருந்ததை ‘டிபிகல் கரண்ட் ஐடில்’ என்று மாற்றினேன். கோர்கள் உறங்கினாலும் மின்னோட்டம் ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் இது பார்த்துக்கொள்கிறது. சுவரில் செருகும் வாட்மீட்டரில் சும்மா இருக்கும்போது 24 வாட் காட்டியது 29 வாட் ஆயிற்று. அந்த 5 வாட்டுக்கு, சித்திரை அமாவாசையும் இரண்டு ஞாயிறுகளும் ஒரு நிற்றலும் இல்லாமல் கடந்தன.

மே 26 அன்று புதிய எஸ்எம்பிஎஸ் மாட்டினேன். வாங்கும்போது வாட் அளவை மட்டும் பார்க்கவில்லை. 12 வோல்ட்டிலிருந்து மற்ற மின்னழுத்தங்களைத் தனித்தனியே உண்டாக்கும் டிசி-டிசி வடிவமைப்பா என்று கேட்டு வாங்கினேன். பயாஸை வேண்டுமென்றே ‘ஆட்டோ’வுக்குத் திருப்பினேன். உண்மையில் குற்றவாளி பழைய எஸ்எம்பிஎஸ்தான் என்றால், இப்போது அந்த அமைப்பின் துணை இல்லாமலே இயந்திரம் நிற்காமல் ஓட வேண்டும்.

கழற்றிய பழையதை ஒரு நாள் முழுக்கச் செருகாமல் வைத்திருந்து, உள்ளே கெப்பாசிட்டர்களில் மின்சாரம் மிச்சமில்லை என்று மீட்டரால் பார்த்த பிறகே திறந்தேன். பழக்கமில்லாதவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே வேண்டாம். பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நெடுநேரம் தங்கியிருக்கலாம். உள்ளே ஒட்டியிருந்த தாளில் 2009 என்று ஆண்டு அச்சாகியிருந்தது. வெளியே போகும் கம்பிகளுக்கு அருகே இருந்த கெப்பாசிட்டர்களில் இரண்டின் தலைப்பக்கம், தட்டையாக இருக்க வேண்டிய இடத்தில், பெருக்கல் குறிபோலக் கீறியிருக்கும் வரிகளை உள்ளிருந்து தள்ளி மெல்லக் குவிந்திருந்தது. விரலால் தடவினால்தான் தெரியும், பார்வைக்குப் படாது. ஒன்றின் அடியில் பழுப்பாக ஒரு கசிவு காய்ந்திருந்தது. கழற்றுவதற்கு முன்பு மீட்டரில் 12 வோல்ட் வழி 12.4 என்று காட்டியிருந்தது. எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பதால் அதை நல்லது என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். உறங்கிய கோர்கள் சட்டென்று விழித்து மின்னோட்டத்தை இழுக்கும் அந்தக் கண நேரச் சரிவு அதில் தெரியாது. அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும், அது என்னிடம் இல்லை. உப்பிய கெப்பாசிட்டர்களும் பொருந்தாத பழைய வடிவமைப்பும் சேர்ந்தே இதைச் செய்தன என்பது என் கணிப்பு.

புதியதை மாட்டிய அன்றே வாட்ச்டாக் வசதியையும் இயக்கினேன். இயந்திரம் உறைந்து நின்றால் மதர்போர்டில் உள்ள ஒரு கடிகாரம் அதைத் தானே மறுதொடக்கம் செய்துவிடும். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்-டியில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஆரம்பத்திலேயே இதைப் போட்டிருந்தால் அலுவலகத்துக்குத் தொல்லை குறைந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் சர்வர் நின்றதையே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், கணக்குப்பிள்ளையின் கிளிப்பில் ஒரு தாளும் சேர்ந்திருக்காது, திறந்திருக்கும் டேலிக் கோப்பு பாதியில் அறுபடுவது மட்டும் காரணம் தெரியாமல் தொடர்ந்திருக்கும். அதனால் அதைக் கடைசிக்கு வைத்தேன்.

ஆகஸ்ட் 4, ஆடி அமாவாசை, ஞாயிற்றுக்கிழமையும் கூட. ஆலைக்கு எப்படியும் விடுமுறை என்பதால் காலையிலேயே போனேன். கணக்குப்பிள்ளை எனக்காக அலுவலகத்தைத் திறந்து வைத்திருந்தார். திரையைத் தட்டியதும் வெளிச்சம் வந்தது. எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று சொல்லும் அப்டைம் கட்டளையைக் கொடுத்தேன்: 70 நாள். வேலைப்பளு 0.00. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து அந்த எண்ணைப் படித்தார். பிறகு சுவரில் இருந்த காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்புறத்தில் “ஓடுகிறது, 70 நாள்” என்று எழுதி, பழைய 14 தாள்களும் அதன்பின் சேர்ந்த மூன்றும் இருந்த அதே கிளிப்பில் செருகி இழுப்பறையை மூடினார்.